தாளில் மடித்த வேண்டுதல்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் நெருங்கும்போது நம் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகள் வண்ணத்தாள்களை மடித்துக் கொக்குகள் செய்வர். அவற்றை நூலிற் கோத்து வகுப்பறையில் தொங்கவிடுவர். ஏன் கொக்கு, ஏன் காகிதம், ஏன் ஆயிரம் என்று வினவினால் விடை சொல்வோர் சிலரே. பொருள் அறியாது செய்யும் செயல் வெறுஞ் சடங்காய் முடியும். ஆதலின், ஜப்பானியர் மரபில் காகிதக் கொக்கு எதனைக் குறிக்கின்றது என்பதையும், சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் அதிலிருந்து அறியத்தக்கது யாது என்பதையும் இன்று ஆராய்வோம்.

இச்சின்னத்தில் மூன்று கூறுகள் அடங்கியுள்ளன. ஒன்று பறவை, மற்றொன்று தாள், மூன்றாவது, ஆயிரம் என்னும் எண்.

முதலில் பறவையை நோக்குவோம். நம் வயலில் உழவர் ஏரின் பின்னே நடக்கும் சிறு வெண்கொக்கு வேறு. ஜப்பானியர் போற்றும் கொக்கு வேறு. அது வடஇந்தியாவில் வாழும் சாரசக் கொக்கின் இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஐந்தடி உயரம் நிற்பது. வெண்மேனியும் கருங்கழுத்தும் உடையது. உச்சியில் செந்நிறம் விளங்குவது. ஆணும் பெண்ணும் பிரியாது இணைந்து வாழ்வதால் திருமண ஆடைகளில் அதன் உருவைத் தீட்டுவர். கொக்குக்கு ஆயிரம் ஆண்டும் ஆமைக்குப் பதினாயிரம் ஆண்டும் வாழ்நாள் என்பது அந்நாட்டுப் பழமொழி. உண்மையில் அப்பறவை சில பத்தாண்டுகளே வாழும். எனினும் நீண்ட வாழ்வுக்கும் நற்பேற்றுக்கும் அதனையே அடையாளமாகக் கொண்டனர்.

நம் முன்னோர் அதனையொத்த பறவைகளில் வேறு பொருள்களைக் கண்டனர். வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் பொறுத்திருத்தலுக்கும் விரைந்து செயல் முடித்தலுக்கும் கொக்கை உவமை காட்டினார். குளிரில் நடுங்கிய சத்திமுற்றப் புலவர் தம் மனைவிக்கு நாரையைத் தூது விடுத்தார். மதுரையில் நாரை ஒன்று முத்தி பெற்ற வரலாற்றைத் திருவிளையாடற் புராணம் பேசும். பறவையின் இயல்பு ஒருபுறம் இருக்க, அதனை நோக்கும் மனிதர் தம் உள்ளத்து ஏக்கத்தையே அதன்மேல் ஏற்றுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது கூறு தாள். கி.பி. 610-இல் கொரியாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த துறவி ஒருவர் தாளும் மையும் செய்ய வல்லவராயிருந்தார் என்று அந்நாட்டுப் பழைய வரலாற்று நூல் கூறும். அவர்கள் மொழியில் தாளைக் குறிக்கும் சொல்லும் தெய்வத்தைக் குறிக்கும் சொல்லும் 'காமி' என ஒன்றுபோல் ஒலிக்கும். எழுத்தும் பொருளும் வேறு. அவர்களுடைய கோயில்களில், நாம் மாவிலைத் தோரணம் கட்டுவதுபோல, வைக்கோற் கயிற்றில் மடித்த வெண்தாள்களைத் தொங்கவிடுவர். 1797-ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் கொக்கு மடிக்கும் முறைக்கென்றே ஒரு நூல் அச்சாயிற்று. ஒரே தாளில் ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் கொக்குகளை மடிக்கும் 49 வகைகள் அதில் உள்ளன.

தாள் மடிப்பில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1893-இல் சென்னையில் சுந்தர ராவ் என்னும் அறிஞர், தாளை மடித்தே வடிவியல் கற்கும் முறையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பிரோபெல் வகுத்த குழந்தைக் கல்விப் பொருள்களுள் ஒன்றான வண்ணத்தாள்களே அந்நூலுக்குத் தூண்டுதல். ஜெர்மானியக் கணித மேதை கிளைன் அதனைக் குறிப்பிட்டுப் பேசியதால் அது மேலைநாட்டார் கவனத்தைப் பெற்றது; 1901-இல் சிகாகோ நகரிலும் பதிப்பிக்கப்பெற்றது. கத்தரியும் பசையும் இன்றி, ஒரு சதுரத்தாளின் மடிப்புகளாலேயே கோணமும் வடிவமும் பிறக்கக் காண்பது அறிவுக்கு விருந்து. கொக்கு மடிப்பதும் அத்தகையதே. சதுரத்தின் மூலைகளை ஒன்றோடொன்று பொருந்தச் சேர்த்தல் வேண்டும். தொடக்கத்தில் ஒரு மடிப்பு நெல்லளவு பிசகினும் முடிவில் அலகு கோணும். இறகு ஒன்று நீளும். அவசரக்காரனுக்கு அக்கொக்கு அகப்படாது.

மூன்றாவது கூறு ஆயிரம் என்னும் எண். ஆயிரங் கொக்கு மடித்துக் கோத்தால் நினைத்தது கைகூடும் என்பது நம்பிக்கை. பறவையின் வாழ்நாள் ஆண்டு ஒன்றுக்கு ஒரு கொக்கு என்று கணக்குச் சொல்வாரும் உளர். ஆனால் ஆயிரம் என்பது அங்கும் 'பல' என்னும் பொருளையே முதலில் தந்தது. மதுரைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. அதனால் அப்பெயரைப் பொய்யென்று யாரும் தள்ளுவதில்லை. எண்ணிக்கை இங்கே ஓர் அளவுகோல் அன்று. மனம் தளராது தொடர்ந்து செய்யும் உழைப்புக்கு இட்ட பெயர்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கும்போது நம் கொங்கு நாட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. வீட்டில் குழந்தைக்கு நோய் வந்தாலும், கட்டுத்தறியில் மாடு படுத்தாலும், குணமானால் உருவாரம் வைக்கிறோம் என்று நம் தாய்மார் வேண்டிக்கொள்வர். நோய் நீங்கியபின் குயவரிடம் மண்ணாற் செய்த குழந்தையுருவோ மாட்டுருவோ வாங்கிக் கோயிலில் வைத்துவிட்டு வருவர். அது வெயிலிலும் மழையிலும் கிடந்து மண்ணோடு மண்ணாகும். வேண்டுதல் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதற்கு ஓர் உருவம் கொடுப்பதால் உருவாரம். காகிதக் கொக்கும் அவ்வாறே ஓர் உருவாரந்தான்.

எனினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. உருவாரம் பெரும்பாலும் பலன் கண்டபின் செலுத்தும் கடன். காகிதக் கொக்கோ பலன் காணுமுன்பே செய்யும் உழைப்பு. உருவாரத்தை வனைவது குயவர் கை. கொக்கை மடிப்பது வேண்டுவோரின் சொந்தக் கை. பல வேளைகளில் நோயாளிக்காக நண்பரும் உறவினரும் கூடி மடிப்பர். ஒருவர் நலத்துக்காக மற்றவர் தம் பொழுதைக் கொடுக்கின்றனர். பலன் வருமோ வாராதோ, அக்கொடை முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் ஹிரோஷிமாவின் கொக்குகள் விளங்கும்.

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை ஹிரோஷிமா நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில் சடாகோ சசாகி என்னும் இரண்டு வயதுக் குழந்தை இருந்தாள். அவள் உயிர் பிழைத்தாள், வளர்ந்தாள், பள்ளியில் தொடரோட்டத்தில் முன்னின்றாள். 1955-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கண்டனர். பத்து ஆண்டுகளுக்கு முன் உடலிற் புகுந்த கதிர்வீச்சு அப்போது தன் கொடுமையைக் காட்டிற்று.

மருத்துவமனையில் இருந்தோர்க்கு நகோயா நகரத்து மாணவர் காகிதக் கொக்குகளை அனுப்பியிருந்தனர். அவற்றைக் கண்ட சடாகோவும் மடிக்கத் தொடங்கினாள். தாள் எளிதிற் கிடைக்காத காலம். மருந்து சுற்றிவந்த தாளையும், பரிசுப் பொருள்களைப் பொதிந்துவந்த தாளையும் எடுத்து, ஊசிமுனையால் மடிக்கவேண்டிய அளவுக்குச் சிறு கொக்குகளையும் செய்தாள். அவ்வாண்டு அக்டோபர் 25-ஆம் நாள், பன்னிரண்டாம் வயதில், அவள் மறைந்தாள்.

அவள் 644 கொக்குகளே மடித்தாள், ஆயிரம் நிறையுமுன் இறந்தாள் என்று உலகெங்கும் ஒரு கதை வழங்குகின்றது. 1977-இல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சிறுவர் நூல் அதனைப் பரப்பியது. அவள் தமையனாரோ ஆயிரத்தைக் கடந்து மேலும் பல மடித்தாள் என்று கூறியுள்ளார். முற்றுப்பெறாத ஆசை கதைக்கு அழகு தரும். உண்மை அதனினும் கடுமையானது. ஆயிரம் நிறைந்தது, வேண்டிய வாழ்வு கிட்டவில்லை. கதை அழகாக உள்ளது என்பதற்காக அதனை வரலாறு என்று கொள்ளுதல் மாணவர்க்குத் தகாது.

அங்ஙனமாயின் அக்கொக்குகளால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அது நேர்மையான கேள்வி. தாள் மடித்தால் இரத்தப்புற்று நீங்காது. ஆனால் அவளுடைய வகுப்புத் தோழர் அவள் உழைப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அணுகுண்டால் மாண்ட குழந்தைகளுக்கெல்லாம் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டுமென்று நாடெங்கும் மாணவரிடம் பொருள் திரட்டினர். 1958-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் அச்சின்னம் திறக்கப்பெற்றது. அதன் உச்சியில் ஒரு சிறுமி தலைக்குமேல் கொக்கை ஏந்தி நிற்கின்றாள். உள்ளே தொங்கிய மணியை வழங்கியவர் ஹிடெகி யுகாவா. அவர் 1949-இல் நோபெல் பரிசு பெற்ற அணுக்கரு இயற்பியல் அறிஞர். அணுவின் உள்ளமைப்பை ஆராய்ந்த கையே அம்மணியை அளித்தது என்பதை அறிவியல் பயிலும் மாணவர் சிறப்பாக எண்ணுதல் வேண்டும்.

அன்றுமுதல் காகிதக் கொக்கின் பொருள் விரிந்தது. நான் நீடு வாழ்க என்பது போய், எவரும் இங்ஙனம் சாகாதிருக்க என்றாயிற்று. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடிக் கொக்குகள், எடையில் பத்து டன் அளவுக்கு, உலகின் பல பகுதிகளிலிருந்து ஹிரோஷிமாவுக்கு வந்து சேர்கின்றன. அவற்றைக் கூழாக்கி மீண்டும் தாளாக்குகின்றனர். உருவாரம் மண்ணுக்குத் திரும்புவதுபோலக் கொக்கு தாளுக்குத் திரும்புகின்றது. 2024-இல் அமைதிக்கான நோபெல் பரிசு, அணுகுண்டுக்கு ஆளாகி உயிர்பிழைத்தோரின் ஜப்பானியச் சங்கத்துக்கு வழங்கப்பெற்றது.

இம்முயற்சியில் நம் மண்ணின் மைந்தர் ஒருவர்க்கும் இடம் உண்டு. அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியிற் பிறந்து, சேலத்தில் வழக்குரைஞராயிருந்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக விளங்கி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்துக் காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி அவர்களே அவர். 1962-ஆம் ஆண்டு செப்டம்பரில், 83-ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் அமெரிக்கா சென்று, குடியரசுத் தலைவர் கென்னடியைக் கண்டு, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். மறு ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், காற்றுவெளியிலும் விண்வெளியிலும் நீரடியிலும் அச்சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை மாஸ்கோவிற் கையெழுத்தாயிற்று. அவர் ஒருவர் சொல்லால் அது விளைந்தது என்று கூறுதல் மிகை. பலர் பல நாடுகளில் இட்ட மடிப்புகளுள் அவர் இட்டதும் ஒன்று என்பதே பொருத்தம்.

இறுதியாக, அப்பறவையின் கதியையும் சொல்லவேண்டும். கொக்கை ஓவியத்திலும் ஆடையிலும் போற்றிய ஜப்பானியரே, வேட்டையாலும் சதுப்புநிலத்தை வடித்தமையாலும் உயிருள்ள கொக்கை அழியவிட்டனர். தம் நாட்டில் அது அடியோடு ஒழிந்ததென்றே கருதியிருந்தபோது, 1924-இல் வடதீவின் குஷிரோச் சதுப்பில் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டனர். 1952-இல் அவை 33 மட்டுமே. அக்கடுங்குளிர்காலத்தில் உழவர் மக்காச்சோளம் இட்டுக் காத்தனர். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவை அங்கு வாழ்கின்றன. சின்னத்தை வணங்கியதால் பறவை பிழைக்கவில்லை. தானியம் தூவிய கையால் பிழைத்தது.

நமக்கும் இது பொருந்தும். நாரையைப் பாடிய மொழிக்கு உரியவர் நாம். ஆனால் நாரை இறங்கும் ஏரிகளையும் திருமணிமுத்தாற்றையும் எந்நிலையில் வைத்துள்ளோம் என்பதைக் கண்கூடாகக் காண்கின்றோம். சேலம் கன்னங்குறிச்சியின் மூக்கனேரியை 2010 முதல் குடிமக்கள் சிலர் கூடித் தூய்மை செய்து, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டனர். பறவைகள் மீண்டும் வந்தன. அதுவும் ஒரு மடிப்பே.

ஆகவே மாணவர்களே, வரும் ஆகஸ்டில் கொக்கு மடியுங்கள். புதுத்தாள் வேண்டா, எழுதித் தீர்ந்த ஏட்டின் தாளே போதும். மடிக்கும்போது உங்களுக்கென்று எதுவும் வேண்டாது, நோயுற்ற ஒரு தோழரையோ துயருற்ற ஒரு நாட்டையோ நினையுங்கள். மடித்து முடித்தபின் அவர்க்காக உங்கள் கையால் ஆகும் ஒரு செயலைத் தேடிச் செய்யுங்கள். அச்செயல் நிகழாத இடத்தில் ஆயிரம் கொக்கும் வெறுந் தாளே; நிகழும் இடத்தில் ஒரு கொக்கும் போதும்.