யார் செலவில் ஆரோக்கியம்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவார்கள் என்று வந்தவர்களுக்கு, இன்று வரவு செலவு பேசப் போகிறோம் என்பது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நம் மரபுக்குக் கணக்கு அந்நியமானதல்ல. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்துக்காகப் பாபாசாகேப் தந்த ஆய்வு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. 1925ல் நூலாக வந்தது. மாலை போடும் மேடைகளில் அந்த நூலின் பெயரை யாரும் சொல்வதில்லை. வரி யார் கையில், செலவு யார் தலையில் என்று கேட்கிற நூல் அது. 1919 சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் மருத்துவம், பொதுச் சுகாதாரம், துப்புரவு எல்லாம் இந்திய அமைச்சர்களிடம் தரப்பட்டன. நிதித்துறையை மட்டும் ஆளுநர் தரப்பு விடவில்லை. இன்றைக்கும் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தின் வரி போடும் கை எவ்வளவு சுருங்கிவிட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

ஏழை நாடுகளின் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும் உலக அறிஞர்களுக்குப் பிடித்தமான ஒரு சொற்றொடர் உண்டு: 'குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம்'. 1985ல் ராக்பெல்லர் அறக்கட்டளை இந்தத் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சீனா, கோஸ்டாரிகா, கேரளம், இலங்கை ஆகியவை அதில் எடுத்துக்காட்டுகள். 2011ல் லண்டன் ஆய்வாளர்கள் அதே கேள்வியோடு மறுபடி கிளம்பியபோது வங்கதேசம், எத்தியோப்பியா, கிர்கிஸ்தான், தாய்லாந்து ஆகியவற்றோடு தமிழ்நாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். பெருமைதான். நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தால், அதைச் செய்தவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று விசாரிப்பது நம் வழக்கம். இந்த ஆரோக்கியம் யார் செலவில் வந்தது?

அதற்குமுன் பணம் திரட்டும் வழிகளைப் பற்றிக் கொஞ்சம். 1987ல் உலக வங்கி ஏழை நாடுகளுக்கு ஒரு யோசனை சொன்னது: அரசு மருத்துவமனையில் நோயாளியிடம் கட்டணம் வாங்குங்கள். அதே ஆண்டு மாலி நாட்டின் பமாகோ நகரில் ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் கூடி, மருந்துக்குக் காசு வாங்கி அதைக் கொண்டே அடுத்த மருந்தை வாங்கும் திட்டத்தை ஏற்றார்கள். காசு இல்லாதவர் என்ன செய்தார்? மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. 2001ல் உகாண்டா அந்தக் கட்டணத்தை எடுத்தது. ஏழைகள் திரும்ப வரத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே மருந்து போதவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே கடைக்குப் போனார்கள். கட்டணம் ஒழிந்தும் ஏழைகளின் கைச்செலவு எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாடு செய்த வேலையை மனதாரச் சொல்ல வேண்டும். 1994ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை வணிகப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கியது. மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தன் ஒதுக்கீட்டுக்குள் தனக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தான் 2011ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதைத்தான் பார்த்து எழுதிக்கொண்டது. பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை. அரசே வாங்கி, அரசே வைத்து, அரசே கொடுத்தது. நம் சேரிகளில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிற பாட்டிகள் உயிரோடு இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

காப்பீடு வேறு கதை. 2009ல் மாநிலத்தில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2018ல் ஒன்றிய அரசின் 5 லட்சம் ரூபாய்த் திட்டம். இதய அறுவைக்கு அது உதவுகிறது, நாம் அனுப்பிய ஆட்களே பிழைத்து வந்திருக்கிறார்கள். ஆனால் அட்டை வேலை செய்ய வேண்டுமென்றால் மருத்துவமனையில் படுக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கும் தோல்நோய்க்கும் நாள்பட்ட இருமலுக்கும் அட்டையால் பயனில்லை. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பதை எந்த அட்டையும் தடுக்காது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14ல் மொத்தச் சுகாதாரச் செலவில் 64.2 விழுக்காடு மக்களின் சொந்தக் கையிலிருந்து போனது. 2021-22ல் அது 39.4. குறைந்திருக்கிறது. ஆனாலும் அந்த ஆண்டில் அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2017ஆம் ஆண்டுக் கொள்கை, 2025க்குள் 2.5 ஆக்குவோம் என்றது.

இனி நாம் பேச வந்த இடத்துக்கு வருவோம்.

இந்த 1.84க்குள் தெருக் கூட்டுகிறவரின் கூலி இல்லை. சாக்கடை அடைப்பு எடுப்பவரின் கூலி இல்லை. 2011ல் உலக சுகாதார நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் வகுத்த கணக்குமுறையைத்தான் இந்தியாவும் பின்பற்றுகிறது. அதில் குடிநீரும் கழிவகற்றலும் சுகாதாரச் செலவின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. காலராவைத் தடுப்பவரின் கூலி சுகாதாரச் செலவு அல்ல. காலரா வந்த பிறகு ஏற்றும் குளுக்கோஸ் சுகாதாரச் செலவு. நாட்டுக்கு நாடு ஒப்பிட வசதியாக எல்லை போட்டோம் என்று வல்லுநர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஊருக்கு வெளியே கோடு போட்டு நிற்கவைக்கப்பட்டவர்களுக்கு, கணக்குப் புத்தகத்திலும் அதே கோடு விழுந்தால் கண்ணில் படாமல் போகாது.

நம் சட்டம் இப்படிப் பிரிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்றுநோய் எல்லாம் அந்த ஒரே சட்டத்துக்குள்தான். உள்ளாட்சிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. சட்டத்தில் துப்புரவு சுகாதாரம். டெண்டரில் அது குப்பை.

ஒரு நகராட்சியில் எங்கள் தோழர்கள் அதிகாலையில் வருகைப்பதிவு எடுக்கும் இடத்தில் பெண் பணியாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஈஎஸ்ஐ அட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு ஓர் அக்கா சொன்னார்: "இருக்குது தம்பி. ஆனா கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் புது நம்பர் போடுறாங்க. போன நம்பருக்குக் கட்டுனது எங்க போச்சுன்னு யாருகிட்ட கேக்குறது?" அவர் சம்பளத்தில் 0.75 விழுக்காடு மாதாமாதம் பிடிக்கப்படுகிறது, முதலாளி 3.25 கட்ட வேண்டும். ஆனால் அவருடைய முதலாளி யார்? நகராட்சியைக் கேட்டால் ஒப்பந்ததாரரைக் காட்டும். ஒப்பந்ததாரர் அடுத்த ஆண்டு இருக்க மாட்டார். ஊரின் நோயைத் தடுக்கிற அந்த அக்கா, தன் மூச்சிரைப்புக்கு மருந்துக்கடையில் கைக்காசு கொடுத்து மாத்திரை வாங்குகிறார். அந்தக் காசு மட்டும் தேசியக் கணக்கில் ஒழுங்காக ஏறிவிடும்.

மலிவு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? நிரந்தரப் பணியாளருக்குத் தர வேண்டிய ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தைச் சிக்கனம் என்கிறார்கள். இவ்வளவு குறைந்த விலைக்கு இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது சந்தை விதியால் அல்ல. இன்னின்ன சாதிக்கு இன்ன வேலை என்ற ஏற்பாடுதான் ஒப்பந்ததாரரின் முதலீடு. ஏழை நாட்டின் சுகாதாரத்துக்கு வெளிநாட்டுக் கொடையாளர் தருவதைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறார்கள். அருந்ததியர் பெண்கள் தினமும் தரும் இந்த மானியத்துக்கு வரவு செலவில் ஒரு தலைப்புகூட இல்லை.

2020ல் 'துப்புரவு' போய்த் 'தூய்மை' வந்தது. பெயர்தான் மாறியது. மலக்குழி மரணத்துக்கு இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. செத்த பிறகு 30 லட்சம் தரவேண்டிய அரசு, சாகாமலிருக்க வாங்கவேண்டிய இயந்திரத்துக்கு நிதியில்லை என்று சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் இரவுபகலாக உட்கார்ந்தார்கள். அது தொழிலாளர் பிரச்சினை என்று பேசப்பட்டது. சாதிப் பிரச்சினை என்றும் பேசப்பட்டது. இரண்டும் சரி. அது சுகாதார நிதிப் பிரச்சினையும்கூட. 1.84ஐ 2.5 ஆக்கு என்று கோருகிற மருத்துவர் சங்கங்களும் பொருளாதார அறிஞர்களும் அந்த நடைபாதைக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகவே சுகாதாரத்துக்குக் கூடுதல் பணம் கேட்கும்போது, அது எங்கே இறங்கும் என்றும் நாம் சேர்த்தே கேட்கிறோம். மேலே ஊற்றினால் கீழே வரும் என்பதை நம்ப முடியாது. தூய்மைப் பணி பொதுச் சுகாதாரப் பணி என்று வரவு செலவில் எழுதப்பட வேண்டும். அந்தப் பணியிடங்கள் நிரந்தரமாக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். தூய்மைப் பணி ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நகராட்சி ஒப்பந்ததாரருக்குத் தருவது எவ்வளவு, கையுறைக்கும் காலணிக்கும் எவ்வளவு, ஈஎஸ்ஐக்கும் வைப்பு நிதிக்கும் கட்டிய ரசீது எங்கே என்று தனித்தனியாகக் கேளுங்கள். பிறகு அந்தத் தாளோடு விடியற்காலையில் வருகைப்பதிவு எடுக்கும் இடத்துக்குப் போய், அவர்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று விசாரித்துப் பக்கத்தில் எழுதுங்கள். பத்து ஊர்க் கணக்கு சேர்ந்ததும் அதைப் படிக்க இதே மன்றத்தில் ஒரு மாலையை ஒதுக்கித் தருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஜெய்பீம்.