குளவிக்கூட்டில் பதவிச் சண்டை இல்லை
(மௌலா அலி கிளைப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



நம் படிப்பகத் தாழ்வாரத்தில் ஒரு குளவிக்கூடு தொங்குகிறது. சென்ற வாரம் சில தோழர்கள் பந்தம் கொளுத்தி அதை எரிக்கக் கிளம்பினார்கள். சற்றுப் பொறுங்கள் என்று தடுத்தோம். ஏன் தடுத்தோம் என்று சொல்லத்தான் இந்தப் பேச்சு.

1966 அக்டோபர் 2-ஆம் நாள் தென்மத்திய ரயில்வே பிறந்தது. தென்னக ரயில்வேயின் விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்கள் அதில் வந்து சேர்ந்தன. நம்மில் பலருடைய தகப்பன்மார் ரயில் வேலையை நம்பித்தான் இந்தத் தர்கா மலையடிவாரத்தில் குடியேறினார்கள். அவர்கள் கட்டிய சங்கம் இது. இன்று இதன் நிலை என்ன? இருபது ஆண்டுக்கு மேல் செயலாளராக இருந்த அண்ணன் ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார். அடுத்தவர் யார் என்று செயற்குழு மூன்று முறை கூடியும் முடிவில்லை. ஞாயிறு தமிழ் வகுப்பு இரண்டு மாதமாக நின்றுபோயிற்று. பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அலமாரிச் சாவியை யார் வைத்துக்கொள்வது என்பதிலும் இரண்டு கட்சி!

ஒற்றுமை என்றதும் தேனீயைக் காட்டுவது மேடை வழக்கம். தேனீயில் அரசிக்கும் வேலைக்காரிக்கும் உடலமைப்பே வேறு. ஆனால் தென்னிந்தியாவில் பரவலாக உள்ள ரொபலிடியா மார்ஜினேட்டா என்னும் காகிதக் குளவியில் அந்த வேற்றுமை இல்லை. எந்த வேலைக்காரியும் அரசியாகலாம். அதாவது, நம் சங்கம் மாதிரி!

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கரும் அவருடைய மாணவர்களும் பல்லாண்டுக் காலம் இந்தக் குளவியை ஆராய்ந்தார்கள். அரசி பரம சாது. இரை தேடப் போ என்று அவள் யாரையும் விரட்டுவதில்லை. வேலைக்காரிகளே ஒன்றையொன்று தூண்டிக்கொள்கின்றன. அரசியை எடுத்துவிட்டாலும் இரை தேடுவதும் புழுவுக்கு ஊட்டுவதும் நிற்பதில்லை. சில நிமிடங்களில் ஒருத்தி அதட்ட ஆரம்பிக்கிறாள், அவளே வாரிசு. மற்றவை அவளை எதிர்த்து நிற்பதில்லை. சுமார் ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறாள், அதட்டலும் அடங்கிவிடுகிறது. (புதிய செயலாளர்கள் சிலரும் அப்படித்தான்!) 2012-ல் வெளிவந்த ஆய்வில், வாரிசையும் எடுத்து, அவளுக்கு அடுத்தவளையும் எடுத்துப் பார்த்தார்கள். இப்படி ஐந்து வாரிசுகள் வரை அடிதடியில்லாமல் வரிசையாக வந்தன. அடுத்தது யார் என்று ஆராய்ச்சியாளரால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது போலும்.

குளவிக்கு வாக்குச்சீட்டு கிடையாது. ஒருத்தி மட்டுமே முட்டையிடும் ஏற்பாடும் நமக்கு வேண்டாம். அங்கே வயதில் மூத்தது பெரும்பாலும் முந்துகிறது. அதையும் இங்கே சட்டமாக்க வேண்டாம். இங்கே இளைஞர்களும் நிற்கட்டும், பெண்களும் நிற்கட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: தலைமை மாறும் நாளில் அங்கே புழு பட்டினி கிடப்பதில்லை, இங்கே மட்டும் பிள்ளைகளின் வகுப்பு ஏன் நிற்க வேண்டும்?

ஆகவே, தேர்தல் முடிவது வரை வகுப்பைத் தாய்மார்கள் இருவர் முறைபோட்டு நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வேட்புமனு. பிரிந்து போய்த் தனிச்சங்கம் காண விரும்புவோர் தாராளமாகப் போகலாம். சாவியை மட்டும் இந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள்.