ஓதமும் ஓவியமும்



கவிதை பேசும் அவையில் நெய்தல் நிலத்தைத் தீட்டுவது பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். தலத்தெருவைக் கடந்து கிழக்கே போனால், மேடு என்று சொல்ல மணல்திட்டைத் தவிர வேறில்லை. மலையைத் தீட்டுவோனுக்காக மலை காத்திருக்கும்; கழி காத்திராது.

இக்கரையில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தொடும். அங்குள்ளோர் நம் ஓதத்தைக் கண்டால் நகைப்பர். ஆயினும் நம் நிலம் தட்டை. ஒரு சாண் நீர் உயர்ந்தாலும் உமரி படர்ந்த சேற்றுவெளியில் நெடுந்தொலைவு பரவிவிடும். ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி, நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. நேற்று மாலை 4 மணிக்குக் கண்ட சேற்றை இன்று அதே வேளையில் அப்படியே காண இயலாது. ஒளி அதுவே, நீர்தான் வேறு. இரண்டும் மீண்டும் கூட ஏறக்குறைய 15 நாள் வேண்டும். பாதியில் நின்ற படம் அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை காத்துக் கிடக்கும். இக்கணக்கை மீனவர் விரல்நுனியில் வைத்திருக்கின்றனர். நாம்தாம் கடிகாரத்தை நம்புகிறோம்.

நெய்தலுக்குரிய சிறுபொழுதான எற்பாட்டைக் கதிர் மறையும் நேரம் என்பாரும், தோன்றும் நேரம் என்பாரும் உளர். தூரிகை பிடித்தவனுக்கு இது உரையாசிரியர் வழக்கு மட்டுமன்று. சேரநாட்டுக் கரையில் கதிர் கடலில் மறையும். நம் கரையில் வயலுக்குப் பின்னே மறையும். ஆகவே மாலையொளி முதுகுப்புறமிருந்து வந்து சேற்றைப் பொன்னாக்க, அதற்கப்பால் கடல் கருநீலமாகும். எனக்கு எற்பாடு மாலையே.

சேறு பழுப்பு என்று எண்ணாதீர்கள். ஈரச்சேறு வானத்தின் நிறம். நீர்வண்ணத்தில் அதைத் தீட்டத் தாளைத் தீண்டாமல் விடுவதே வழி. கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) தம் இளமையில் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். அவருடைய பிற்காலச் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையையே பலரும் போற்றுவர். நானோ அந்தப் பழைய நீர்நிலைகளுக்குக் கடன்பட்டவன். ஆலந்து நாட்டு வான் கோயென் (1596–1656) தொடுவானைத் தாழ்த்தி, படத்தின் பெரும்பங்கை வானுக்கே ஈந்தார். தாழ்நிலம் தீட்டுவோர் அனைவரும் அவ்வழியே வந்தோம்.

2004 டிசம்பர் 26 காலைக்குப்பின் அவ்வழி எளிதாக இல்லை. தொடுவானைத் தாழ்த்தினால் கரை அமைதியாகத் தோன்றும். உயர்த்தினாலோ கடல் கூரைகளுக்கு மேல் நிற்கும்; அன்று கரைமக்கள் கண்ட கடல் அதுதான். உயர்த்தித் தீட்டிப் பார்த்தேன். அச்சம் வந்தது, ஆனால் கழி மறைந்துவிட்டது, உமரி மறைந்துவிட்டது, வலை உலர்த்தும் மணலும் மறைந்துவிட்டது. அம்மக்களோ அங்கேதான் இன்றும் வாழ்கின்றனர். ஆதலால் மீண்டும் தாழ்த்தினேன். கடலுக்கு மட்டும் முன்னிலும் கருமையாக ஒரு கோடு வைக்கிறேன். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று படித்த நீங்கள், அந்தக் கோடு போதுமா என்று சொல்லவேண்டும்.

வரும் அமாவாசையன்று அரசலாற்று முகத்துவாரத்தில் தீட்ட உட்காருவேன். விரும்புவோர் வரலாம். நீர் வற்றும் நேரத்தை மீனவரிடம் கேட்டுச் சொல்லியனுப்புகிறேன்.