பனிமலைக்குப் பாதரட்சை

நம் நாட்டில் மலை ஏறுவோர், காலணியை அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டு ஏறுவதே மரபு. திருக்கழுக்குன்றத்து வேதகிரியின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை வெறுங்காலோடுதான் ஏறுகிறோம். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் அவ்வாறே கடப்போர் பலர். அப்படியிருக்க, மலைக்குப் போகக் காலணி தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் ஒரு பேச்சு எதற்கு என்று நேயர்கள் எண்ணலாம்.

நான் வசிக்கும் காட்டாங்குளத்தூர் மாணவர் நிறைந்த ஊர். மார்கழி பிறந்ததும் அவர்களிற் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே புறப்பட்டுவிடுகிறார்கள். ஒருவர் உத்தரகண்டத்தில் 12,500 அடி உயரமுள்ள கேதார்கந்தாவுக்குப் பனியில் நடக்கப் போகிறார். இன்னொருவர் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உறைந்து நிற்கும் அருவியின்மேல் கோடரி கொத்தி ஏற ஆசைப்படுகிறார். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், எங்கள் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளத்திலிருந்து ராஜசேகர் பச்சையும், விருதுநகர் மாவட்டத்திலிருந்து முத்தமிழ்ச்செல்வியும் எவரெஸ்டின் உச்சியை அடைந்த பின்னர் இந்த ஆர்வம் வளர்ந்திருக்கிறது. ஆர்வம் நல்லதுதான். ஆனால் உறைபனியை ஒருநாளும் மிதித்தறியாத ஊரில் இருந்துகொண்டு அதற்குரிய காலணியை வாங்குவது எளிய காரியம் அன்று.

குளிர் மிகுந்தால் நம் உடல் முதலிற் காக்க முனைவது உள்ளுறுப்புகளையே. அதற்காகக் கை கால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்நிலையில் காலணியும் விரல்களை நெருக்கினால், வந்துகொண்டிருந்த சிறிதளவு இரத்தமும் தடைப்படும். சதையில் உள்ள நீர் உறையத் தொடங்கும். இதனைப் பனிக்கடி என்பர். முதலில் வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். வலி நிற்பதே ஆபத்தின் அறிகுறி என்பதை அறியாதவர், பூட்ஸ் காலுக்குப் பழகிவிட்டது என்று மகிழ்ந்து மேலே நடப்பார்.

1950ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், மொரிஸ் எர்சோக், லூயி லாஷெனால் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றின் உச்சியில் மனிதர் கால் வைத்தது அதுவே முதன்முறை. அவர்கள் காலில் இருந்தவை தோற்காலணிகள். பாதங்கள் மரத்துப்போவதை லாஷெனால் ஏறும்போதே உணர்ந்தார்; திரும்பிவிடுவது பற்றித் தோழரிடம் பேசவும் செய்தார். இறுதியில் இருவரும் தத்தம் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் எவரெஸ்டுக்குச் சென்ற குழுவினர் இதனை மறக்கவில்லை. உயரமான பகுதிகளுக்கென்று அவர்கள் செய்துகொண்ட காலணியில், மெல்லிய ஆட்டுத்தோலுக்கும் உள்ளே இருந்த நீர்புகா விரிப்புக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்திற்கு எதை அடைத்தார்கள் தெரியுமா? இலவம்பஞ்சை! நம் வீட்டு மெத்தையிலும் தலையணையிலும் இருக்கும் அதே சரக்குத்தான். அத்தகைய காலணிக்கும் 1953 மே 29 அதிகாலையில் ஒரு சோதனை வந்தது. ஹில்லாரி இரவில் அதனைக் கழற்றி வைத்திருந்தார். விடியலில் அது கல்லாக உறைந்திருந்தது. அடுப்பின்மேல் காட்டி இளக்கிய பிறகே அவரால் அணிய முடிந்தது. டென்சிங்கோ தம் காலணியைக் கழற்றாமலே படுத்திருந்தார். பெருமலைகளுக்குரிய இன்றைய காலணிகள் வெளிக்கூடு வேறு, உள்ளுறை வேறு என இரட்டையாய் அமைந்திருப்பதில் உள்ள வசதியும் இதுவே. இரவில் உள்ளுறையை மட்டும் உருவித் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லோருக்கும் இரட்டைக் காலணி வேண்டியதில்லை. கடையில் காலணியைக் கையிலெடுத்து, முனையையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நன்றாக வளைந்தால் அது கோடைக்கால நடைக்கு உரியது. முயன்றால் சிறிதே வளைகிறது என்றால், பனி மூடிய குன்றுகளில் நடப்பதற்கும், வாரால் கட்டும் முள்சட்டத்தைப் பூட்டுவதற்கும் ஏற்றது. முள்சட்டம் என்று நான் சொல்வது கிராம்பான் எனப்படும் இரும்புப் பற்களின் வரிசையை. அறவே வளையாமல் பலகைபோல் நின்றால், அது செங்குத்தான பனிப்பாறைக்கு உரியது. அங்கே முன்பற்கள் இரண்டை மட்டும் குத்தி நிற்க வேண்டியிருப்பதால் அடிப்பாகம் விறைப்பாக இருந்தே தீரவேண்டும். இல்லையேல் முழுச்சுமையும் கெண்டைக்கால் தசைக்கு வந்து சேரும். அதே விறைத்த காலணியை அணிந்து கேதார்கந்தாவுக்கு நடந்தால் குதிகால் புண்ணாகும். விலை கூடியதை வாங்கிவிட்டால் எல்லா இடத்துக்கும் உதவும் என்று எண்ணுவதில் பொருளில்லை.

இனி, நம்மவர் தனியே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. நம்மிற் பலர் சிறுவயதில் வெறுங்காலோடும், பிறகு செருப்போடும் வளர்ந்தவர்கள். அத்தகைய பாதம் முன்புறம் விசிறிபோல் விரிந்திருக்கும். விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் நிற்கும். அது குறையன்று, இயற்கையான வடிவமே. ஆயின் பனிமலைக் காலணிகளிற் பல, ஐரோப்பியரின் ஒடுங்கிய பாதத்திற்கேற்ற கட்டையின்மேல் வடிக்கப்படுகின்றன. ஒன்பதாம் நம்பர் என்பது நீளத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அகலம் போதவில்லை என்று பத்தாம் நம்பரை வாங்குவோர் உண்டு. அப்போது விரலுக்கு இடம் கிடைக்கும். குதி தூக்கிக்கொள்ளும், கொப்புளம் வரும், ஏற்றத்தில் கால் உள்ளே வழுக்கும். அகன்ற கட்டையில் செய்த காலணியைக் கேட்டு வாங்குவதே வழி. கிடைக்கும்வரை பயணத்தைத் தள்ளிப்போடலாமே!

அணிந்து பார்க்க ஏற்ற நேரம் மாலை. பகலெல்லாம் நடந்து பாதம் சற்றே வீங்கியிருக்கும். தாம்பரத்து வெயிலில் கம்பளிக் காலுறையா என்று கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். மலையில் அணியப்போகும் அதே தடித்த உறையை அணிந்தே பார்க்க வேண்டும். நாடாவைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு இறுகக் கட்டி, சரிவான பலகையிலோ படியின் விளிம்பிலோ கீழ்நோக்கி நிற்க வேண்டும். விரல் நுனி முன்சுவரைத் தொடலாகாது. எல்லா விரல்களையும் அசைக்க முடிய வேண்டும்.

தோலா, செயற்கைத் துணியா என்ற கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிடமாட்டேன். எங்கள் மின்சார ரயில் கடந்து செல்லும் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலைதான். அம்முறையில் பதனிட்ட தோல் நாளடைவில் காலின் வடிவத்திற்கு ஓரளவு இசையும். செயற்கைப் பொருள் எடை குறைந்தது; ஆனால் இசைந்து கொடுக்காது. ஆகவே அதில் முதல் நாள் நெருக்கம் கடைசி நாளும் நெருக்கமே.

சென்னைக் காற்றின் ஈரத்தால் வரும் தொல்லையை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. பல காலணிகளின் அடியில், ரப்பருக்கு மேலே, பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருள் அடுக்கு உண்டு. காற்றிலுள்ள ஈரம் அதனைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். எங்கள் தெரு இளைஞர் ஒருவர் சில ஆண்டுகள் பீரோவின்மேல் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைத்திருந்த காலணியை எடுத்தபோது மேற்புறம் புதிதுபோல் மின்னியது. நான்கு படி இறங்குவதற்குள் அடிப்பாகம் ரொட்டித்தூள்போல் உதிர்ந்துவிட்டது. மொட்டைமாடியில் நேர்ந்ததால் சிரித்தோம். பன்னிரண்டாயிரம் அடியில் நேர்ந்திருந்தால்? காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதும் அவ்வப்போது அணிந்து நடப்பதும் நல்லது. பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே நுரையடுக்கைக் கட்டைவிரலால் அழுத்தி, வெடிப்போ உதிர்வோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பழகிக்கொள்வதற்குப் பொத்தேரி ஏரிக்கரையும் விடுதியின் மாடிப்படிகளும் போதும்.

பயிற்சி நிலையங்களிற் சேர்வோருக்குக் காலணியும் முள்சட்டமும் பொதுவாக அங்கேயே தரப்படும். மற்றவர் மணாலி போன்ற ஊர்களில் வாடகைக்கு எடுப்பர். இரண்டிலும், வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் காலுறையோடு அணிந்து பார்த்து, இடுக்கமானதை மாற்றித் தரும்படி கேளுங்கள். முள்சட்டத்தைப் பூட்டாமல் வெளியே வராதீர்கள். வாரைக் கட்டுமுன்னே, பொருத்திய மட்டிலேயே அது காலணியைக் கவ்வி நிற்க வேண்டும். தூக்கி நன்றாக உதறினாலும் விழலாகாது. விழுந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.