வீட்டுக் கட்டிலும் சானடோரியக் கட்டிலும்

(பாலக்காட்டுச் சித்தூரில் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் நடுவே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்தச் சொற்பொழிவுக்கு உயிர்ப்புள்ளியியல், ஆய்வு வடிவமைப்பு, மருந்துப் பொருளியல் என்று மூன்று தலைப்புகளைத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தடித்த பாடநூல்கள் இருக்கின்றன. அவற்றை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. மூன்றும் ஒன்றாகக் கூடிய ஓர் ஆய்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது இங்கிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில், சென்னை சேத்துப்பட்டில் நடந்தது.

1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். அவரோடு தேவதத்தா, வேலு, சி.வி. ராமகிருஷ்ணன் போன்ற மருத்துவர்களும், எஸ். ராதாகிருஷ்ணா என்ற புள்ளியியலாளரும் இருந்தார்கள். கடைசிப் பெயரைக் கவனியுங்கள். ஆய்வு முடிந்த பிறகு 'இந்த எண்களைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்' என்று கூப்பிடப்பட்டவர் அல்லர் அவர். நம் கல்லூரிகளில் இன்றும் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: தகவலையெல்லாம் திரட்டிய பிறகு, ஆய்வேடு கட்டும் வாரத்தில், புள்ளியியல் துறையின் கதவைத் தட்டுகிறோம்.

அன்றைய நிலைமையைச் சொல்ல வேண்டும். காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டை, பால். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்த நம்பிக்கை ஊறியிருந்தது. ஆனால் நாடு முழுக்க நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நூறு பேருக்கு ஒரு கட்டில் தேறுவதே கஷ்டம். மாத்திரைகள் வந்துவிட்டன, ஐசோநயாசிடும் பாஸ் (PAS) என்ற மருந்தும். அவற்றை வீட்டிலேயே, ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீட்டிலேயே, கொடுத்தால் நோய் அடங்குமா? அதே அறையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

எளிய வழி ஒன்று இருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களின் பதிவேட்டையும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் பதிவேட்டையும் எடுத்து ஒப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் விடை பொய்யாகியிருக்கும். கட்டில் யாருக்குக் கிடைக்கும்? சிபாரிசு உள்ளவருக்கு, கையில் கொஞ்சம் காசுள்ளவருக்கு, காத்திருக்கும் மாதங்களில் சாகாமல் தாங்கியவருக்கு. அவர்கள் பிழைத்தால் பெருமை கட்டிலுக்குப் போய்ச் சேரும். ஒப்பிடும் இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே வேறுவேறு என்றால், பின்னால் எவ்வளவு பெரிய கணிப்பொறியைக் கொண்டுவந்தாலும் அந்தக் கோணலை முழுதாக நிமிர்த்த முடியாது.

எனவே, சென்னை நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சமவாய்ப்பு எண்களை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். யார் வீடு, யார் சானடோரியம் என்பதை மருத்துவரின் மனமோ நோயாளியின் செல்வாக்கோ தீர்மானிக்கவில்லை. இருபுறத்தாருக்கும் அதே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை விழுங்குகிறார்களா என்பதை அறியத் திடீரென்று போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

சமவாய்ப்பில் பிரிக்கும் இந்த முறை வந்த வழியில் ஒரு பொருளாதாரக் கதை ஒளிந்திருக்கிறது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் வாங்க டாலர் இல்லை. கிடைத்த கொஞ்ச மருந்தை எல்லாருக்கும் கொடுக்க வழியே இல்லை. அப்படியானால் ஒரு பகுதிக்குக் கொடுத்து, மறுபகுதிக்கு அப்போதிருந்த ஓய்வுச் சிகிச்சையைத் தந்து ஒப்பிடுவதில் அநியாயம் ஒன்றுமில்லை என்று புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் வாதிட்டார். 1948இல் முடிவு வெளியானது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். பெறாத 52 பேரில் 14 பேர். ஏறத்தாழ ஐந்து பேருக்குக் கொடுத்தால் அந்த ஆறு மாதத்தில் ஓர் உயிர் மிஞ்சும் என்ற கணக்கு. எக்ஸ்ரே படங்களைப் படித்தவர்களுக்கு எந்தப் படம் யாருடையது என்று தெரியாது. பற்றாக்குறைதான் நேர்மையான ஒப்பீட்டுக்கு வழிவிட்டது. விலையைப் பற்றிப் பேசுவதே மருத்துவத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

சென்னை முடிவுகள் 1959இல் வந்தன. ஒரு வருட முடிவில் வீட்டில் 86 சதவீதத்தினருக்கும், சானடோரியத்தில் 92 சதவீதத்தினருக்கும் நோய் அடங்கியிருந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று பாடநூல்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடும். நாம் அந்த வரியில் கொஞ்சம் நிற்போம்.

வேறுபாடு 6 புள்ளி. முக்கிய ஒப்பீட்டில் இருபுறமும் எண்பது பேரை ஒட்டித்தான் இருந்தார்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தில் 6 என்பது எந்த அளவு நிச்சயம்? 95 சதவீத நம்பக இடைவெளியைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். உண்மையில் சானடோரியம் ஏறத்தாழ 16 புள்ளி வரை மேலாக இருந்திருக்கலாம். வீடு 4 புள்ளி வரை மேலாகவும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் இந்தத் தகவலில் இடம் உண்டு. வேறுபாடு நிரூபணமாகவில்லை என்பது ஒன்று, இரண்டும் சமம் என்று நிரூபணமானது என்பது வேறொன்று. பி மதிப்பு 0.05க்கு மேல் இருந்தாலே 'இரண்டு மருந்தும் ஒன்றுதான்' என்று எழுதிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நாளை உங்கள் மேசைக்கு ஒரு மலிவான மாற்று மருந்து வரும்போது அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்க்கும்.

அப்படியானால் சென்னைக்காரர்கள் தவறான முடிவுக்கு வந்தார்களா? இல்லை. இங்கேதான் பொருளியல் உள்ளே வருகிறது. மோசமான எல்லையையே ஏற்றுக்கொள்வோம்; சானடோரியம் 16 புள்ளி மேல் என்றே வைத்துக்கொள்வோம். நூறு நோயாளிகளுக்கு ஒரு கட்டில் இருக்கும் நாட்டில் அந்த மேன்மை ஒருவருக்குக் கிடைக்கும். 99 பேர் வரிசையில் நிற்பார்கள். வீட்டுச் சிகிச்சையோ நூறு பேரையும் எட்டும். அரசு கேட்க வேண்டிய கேள்வி எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதல்ல. இருக்கும் பணத்தில் எந்த வழி அதிகம் பேரைக் குணமாக்கும் என்பதே. மருந்துப் பொருளியலின் சாரம் இவ்வளவுதான். மீதியெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை.

தொடர்ந்து பார்த்ததும் நல்லதாயிற்று. ஐந்து வருட முடிவில் இருபுறமும் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் நலமாக இருந்தார்கள். ஒரு வருடத்தில் தெரிந்த அந்த ஆறு புள்ளி கரைந்துவிட்டது. உடன் வசித்த குடும்பத்தாரைத் தனியாகக் கண்காணித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றதால் தொற்று கூடியதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே தொற்ற வேண்டியது தொற்றியிருந்தது. மருந்து தொடங்கியதும் ஆபத்து சரிந்தது. உலகம் முழுக்கச் சானடோரியக் கதவுகள் மெல்லச் சாத்தப்பட்டதற்குச் சேத்துப்பட்டின் இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். பாலக்காட்டுக் கிராமத்தில் ஓர் ஆஷா பணியாளர் இன்று நோயாளியின் வீட்டுக்கே போய் மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்பதற்கும் அதுவே வேர்.

ஆனால் அந்த ஆய்விலிருந்து தேவைக்கு மேல் ஒன்றை நாம் எடுத்துக்கொண்டோம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, எடையும் வீட்டாரைவிட நன்றாக ஏறியது. ஆனாலும் நோய் அடங்குவதில் அது பெரிய வித்தியாசம் தரவில்லை. அதிலிருந்து, மருந்து இருந்தால் போதும், உணவு இரண்டாம்பட்சம் என்ற எண்ணம் வேரூன்றியது. ஆய்வு கேட்ட கேள்வி அதுவல்ல. எந்த அளவுகோலை முதன்மையாக வைத்தார்களோ அதற்கு மட்டுமே ஆய்வு பொறுப்பேற்கும். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வும் அப்படித்தான்: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று கண்டது. அதற்காக நாம் குழந்தைகளுக்குப் போடுவதை நிறுத்தவில்லை. சிறு பிள்ளைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் வேறு கேள்வி.

உணவுக் கேள்விக்கு நேரடியான விடை 2023இல்தான் வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். பகுதி பகுதியாகப் பிரித்துச் சமவாய்ப்பில் ஒதுக்கிய ஆய்வு. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மூட்டையும் அடுத்த வீட்டுக்கு வெறுங்கையும் என்றால் ஊர் பொறுக்குமா? குடும்பத்தாரிடையே புதிய காசநோய் 39 சதவீதம் குறைந்தது. இதே முடிவை இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: சுமார் 30 குடும்பங்களுக்கு உணவு கொடுத்தால் ஒருவருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம். இரண்டும் உண்மை. முதலாவது கேட்டவரைச் சிலிர்க்க வைக்கும்; இரண்டாவதை வைத்துத்தான் பட்ஜெட் போட முடியும். மருந்து நிறுவனப் பிரதிநிதி உங்களிடம் முதல் வகை எண்ணைத்தான் சொல்வார். இரண்டாவதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். பேனாவும் நாள்காட்டியும் தருவதில் இருக்கும் தாராளம் அதில் இருக்காது.

இனி விலை. ஒரு கற்பனைக் கணக்கு. பழைய மருந்துக்கு ஒரு நோயாளிக்கு 2,000 ரூபாய். புதியதற்கு 52,000. புதியது சராசரியாகக் கூடுதலாகத் தருவது, வலியில்லாமல் நடமாடும் மூன்று மாத வாழ்வு. கூடுதல் செலவு 50,000. கூடுதல் பலன் கால் வருடம். ஆக, ஒரு நல்ல வருடத்தின் விலை 2 லட்சம். இது அதிகமா குறைவா? நம் நாட்டில் ஓர் ஆளுக்குரிய ஆண்டு உள்நாட்டு உற்பத்தியும் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலேதான் வருகிறது. அதற்குள் அடங்கினால் வாங்கத் தக்கது என்று ஓர் உத்தேசக் கோட்டை வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. கோட்டுக்குள் வரும் மருந்துகள் எல்லாவற்றையும் வாங்கினாலே மாநிலக் கஜானா காலியாகிவிடும். 2017இல் மத்திய அரசு சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியது. அது கண்புரை அறுவைக்கான லென்சு முதல் ஊசிக்குழல் வரை இந்த வகைக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது.

விலை வானத்திலிருந்து விழுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் பெடாக்குயிலின் என்றொரு மாத்திரை. அதன் காப்புரிமையை நீட்டிக்க அதைத் தயாரிக்கும் நிறுவனம் முயன்றபோது, காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர், எதிர்த்து மனு செய்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நீட்டிப்பை மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், உலகளாவிய கொள்முதல் அமைப்பு வாங்கும் ஆறு மாத மருந்தின் விலை 289 டாலரிலிருந்து 130 டாலராக இறங்கியது. மாத்திரையின் வீரியம் ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. ஆனால் 'கட்டுப்படியாகாது' என்று நேற்று வந்த விடை இன்று மாறுகிறது.

யாருடைய பையிலிருந்து போகும் செலவு என்பதைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன். சித்தூரில் இதைப் பேசாமல் போக முடியாது. அரசின் கண்ணில் செலவென்றால் மருந்து, கட்டில், சம்பளம். சேத்துப்பட்டுக் கணக்கிலும் கட்டில் மிச்சமானது அரசுக்கு. நோயாளிக்குச் சோறு போட்டதும் இரவில் பக்கத்தில் விழித்திருந்ததும் வீட்டுப் பெண்கள். அவர்கள் உழைப்புக்கு யாரும் விலை போடவில்லை. இங்கே ஒழலப்பதியில் தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் ஒருவர், மாதம் ஒருமுறை இரத்த அழுத்த மருந்துக்காகப் பாலக்காட்டுக்கோ, எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறார். அன்றைய கூலி போயிற்று, துணைக்கு வந்தவர் கூலியும் போயிற்று, பஸ் காசு, வெளிச் சாப்பாடு. மருந்து இலவசம் என்று பதிவேடு சொல்லும். அந்த ஒரு நாள் செலவு திருவனந்தபுரத்தின் கணக்கிலும் வராது, சென்னையின் கணக்கிலும் வராது.

மாதம் ஒருமுறை வரச் சொல்வதற்குப் பதிலாக இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இரத்த அழுத்தம் கட்டுக்குள் நிற்குமா, மாத்திரை விடுபடுமா? இந்த அவையில் இருப்பவர்களே கேட்டு, இந்தத் தாலுகாவிலேயே விடை காணக்கூடிய கேள்வி இது. நோயாளிகளை இருபுறமாகச் சமவாய்ப்பில் பிரிக்க வேண்டும். எத்தனை புள்ளி வரை தாழ்ந்தால் 'சமம்' என்று ஒத்துக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். செலவுப் பத்தியில் பஸ் டிக்கெட்டுக்கும் ஒரு கட்டம் வேண்டும். புள்ளியியலாளரை இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள்.