ஆயில் கம்பெனி வேலைக்குக் கடன் கேட்கும் முன்

(போடிநாயக்கனூர் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து ஜீப் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கூட்டத்துக்கு வந்தவங்க பாதிப் பேர் இருக்கீங்க. சாந்து வாங்கியும் அடுப்புப் பத்த வைக்காத வீடு எத்தனை இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனால் நீட்டாமல் பேசப் பார்க்கிறேன்.

இந்த மாதம் கூட்டமைப்புக்கு வந்த கடன் மனுக்களில் இரண்டு ஒரே மாதிரி இருந்தன. கறவை மாடு, தையல் மெஷின், ஆஸ்பத்திரிச் செலவு என்று எழுதும் இடத்தில் இரண்டு அக்காக்களும் "மகன் ஆயில் அண்ட் கேஸ் படிப்பு" என்று எழுதியிருக்காங்க. ஒருத்தர் கேட்பது ஒன்றரை லட்சம், இன்னொருத்தர் 90 ஆயிரம். இரண்டு பிள்ளைகளும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவர்கள். நாற்பத்தைந்து நாள் கோர்ஸ், ஐந்து சர்டிபிகேட், வளைகுடாவில் வேலை உறுதி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. மனுவைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மனு வந்தது. அந்த அக்கா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவங்க. உள்கடனும் கூட்டமைப்புக் கடனும் சேர்த்து 1,20,000 ரூபாய். பரிந்துரைக் கையெழுத்துப் போட்டது நான். இன்ஜினியர் பிள்ளை, நல்ல படிப்பு, இதற்கு என்ன விசாரிக்க வேண்டியிருக்கு என்று நினைத்தேன். பையன் போனான், படித்தான், ஐந்து சர்டிபிகேட்டும் கையில் வந்தன. கடைசியில் உறுதி என்று சொன்ன வேலை, ஒரு கான்ட்ராக்டரிடம் ஸ்டோரில் பைப் எண்ணி எழுதுகிற வேலை. மாதம் 9,000 ரூபாய். வெளிநாடு என்றால் இன்னும் ஒரு லட்சம் கட்டணும் என்றார்கள். பையன் திரும்பி வந்துவிட்டான். அந்த அக்கா 26 மாதம் தவணை கட்டி முடித்தாங்க. ஒரு தவணைகூட நிற்கவில்லை. என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலைப் பற்றி நான் விசாரிக்க ஆரம்பித்தேன். விசாரித்ததை இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், இது கெட்ட வேலை இல்லை. நல்ல வேலைதான். நம்ம ஏலக்காய் மாதிரி நினைத்துப் பாருங்க. தோட்டத்தில் காய் எடுப்பது ஒரு வேலை, ஸ்டோரில் போட்டு உலர்த்துவது ஒரு வேலை, சலித்துத் தரம் பிரிப்பது, ஏலத்துக்குக் கொண்டு போவது என்று தனித்தனி ஆள் இருக்கிறார்கள் இல்லையா? எண்ணெயும் அப்படித்தான். பூமிக்குள்ளும் கடலுக்கடியிலும் துளை போட்டு எடுப்பது தோட்ட வேலை. ஓ.என்.ஜி.சி. செய்வது பெரும்பாலும் அது. 1956இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். காவிரிப் படுகை வேலைக்குக் காரைக்காலில் அலுவலகம் இருக்கிறது. எடுத்ததைக் காய்ச்சிப் பிரிப்பது சுத்திகரிப்பு ஆலை, அதுதான் ஸ்டோர். நம்ம மாநிலத்தில் மணலியில் 1969 முதல் ஓடுகிறது. பிரித்ததைக் குழாயிலும் லாரியிலும் அனுப்பி சிலிண்டரில் அடைப்பது மூன்றாவது. நம்ம வீட்டு சிலிண்டர் கசிந்தால் ஒரு நாற்றம் வருதே, அது எரிவாயுவின் சொந்த நாற்றம் இல்லை. கசிவு தெரியணும் என்பதற்காக வேண்டுமென்றே கலப்பது. எவ்வளவு கலக்கணும் என்று பார்ப்பதுகூட ஒரு இன்ஜினியர் வேலைதான்.

இந்த மூன்று இடத்துக்கும் பெட்ரோலியம் படித்தவர்கள்தான் போகணும் என்று இல்லை. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல், சிவில், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று எல்லாரும் தேவை. பெட்ரோலியம் மட்டும் படிக்க உத்தரப்பிரதேசத்தில் ஜாயிஸ் என்ற ஊரில் ராஜீவ் காந்தி பெட்ரோலியத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, 2007இல் பாராளுமன்றச் சட்டத்தால் வந்தது. தன்பாத் ஐ.ஐ.டி.யிலும் அந்தப் படிப்பு உண்டு. கெட்டிக்காரப் பிள்ளைகள் முயற்சி பண்ணட்டும். ஆனால் என் அபிப்பிராயம் கேட்டால், போடி அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை குறைந்தது இல்லை. எண்ணெய்த் தொழில் படுத்தாலும் அவனுக்கு வேறு கதவு திறந்திருக்கும். பெட்ரோலியம் மட்டும் படித்தவனுக்கு அந்த ஒரு கதவுதான்.

அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு 2021 சட்டப்படி இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத இடம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இது தெரியாமல் தனியார் கல்லூரிக்குக் கடன் கேட்டு மனு எழுதினவங்களும் நம்மில் இருக்காங்க. அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

இப்போது அந்த ஐந்து சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க, பணம் போகிற இடம் இதுதான்.

நோட்டீஸில் ஏ.பி.ஐ. என்று ஒன்று போட்டிருக்கும். அது அமெரிக்காவில் உள்ள பெட்ரோலியக் கழகம். குழாய், அழுத்தக் கலன், தொட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு அவர்கள் பரீட்சை வைத்துச் சான்று தருகிறார்கள். உலகம் பூரா மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பரீட்சைக்கு உட்காரணும் என்றால் வேலை அனுபவம் காட்டணும். குழாய் சம்பந்தப்பட்ட பரீட்சைக்கு இன்ஜினியரிங் பட்டதாரிக்கு ஒரு வருஷமாவது வேண்டும்; படிப்பு குறையக் குறைய இரண்டு, மூன்று, ஐந்து என்று கூடும். கல்லூரி விட்டு நேற்று வந்த பிள்ளைக்கு அது கிடைக்க வழியே இல்லை. அப்போ அந்த இன்ஸ்டிட்யூட் கொடுத்தது என்ன? "இந்தப் பாடத்தை எங்களிடம் கேட்டான்" என்று அவர்களே அச்சடித்த தாள். இரண்டுக்கும் பெயர் ஒரே மாதிரி இருக்கும். நமக்கு வித்தியாசம் தெரியாது.

என்.டி.டி. லெவல் டூ என்று இன்னொன்று. இரும்பை உடைக்காமல், வெட்டாமல், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலியாலும் கதிராலும் பார்க்கிற வேலை. டாக்டர் ஸ்கேன் எடுப்பது போல. நல்ல தொழில், ஐ.டி.ஐ., டிப்ளமா படித்தவர்களும் செய்யலாம். ஆனால் பரவலாக உள்ள முறைப்படி அந்தச் சான்றைத் தருவது வேலை கொடுக்கிற கம்பெனி. இத்தனை மணி நேரம் இவன் கையால் செய்திருக்கிறான் என்று பார்த்துத் தருவது. கம்பெனி மாறினால் புதுக் கம்பெனி மறுபடி பார்த்துச் சான்று தரணும். வேலைக்கு முன்னாலேயே காசு கொடுத்து வாங்கின தாள் அந்த இடத்தில் எவ்வளவு செல்லும் என்று நீங்களே யோசிங்க.

கடலுக்குள் மேடை போட்டு எண்ணெய் எடுக்கிற இடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஹெலிகாப்டர் மாதிரி கூண்டு செய்து, அதில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைத் தள்ளி வெளியே வரணும். கேட்கவே பயமாக இருக்கு. சும்மா இல்லை, காரணம் இருக்கு. 1988இல் ஸ்காட்லாந்துப் பக்கம் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற மேடை எரிந்து 167 பேர் செத்தார்கள். 2005 ஜூலையில் நம்ம மும்பை ஹையில் ஒரு மேடையில் கப்பல் மோதித் தீப்பிடித்தது. 2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பைக்கு மேற்கே பி-305 என்ற பார்ஜ் மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதனால் அந்தப் பயிற்சி அவசியம்தான். ஆனால் அது நான்கு வருஷத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். வேலைக்கு ஆள் எடுத்த கம்பெனி தன் செலவில் அனுப்புவதுதான் முறையாக நடக்கும் இடங்களில் வழக்கம். வேலையே இல்லாத பிள்ளை இதை இன்றைக்கு முடித்து வைத்தால், வேலை கிடைப்பதற்குள் காலாவதி ஆனாலும் ஆகும்.

ஆக, இந்தத் தொழிலில் படிப்பு நிற்காது. வேலைக்குப் போன பிறகும் பரீட்சை, பயிற்சி, புதுப்பித்தல் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் வரிசை முக்கியம். வேலை முதலில், சான்று பின்னால். நோட்டீஸ்காரர்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு நம்மிடம் விற்கிறார்கள்.

சரி, முதல் வேலை எப்படி? அந்த அக்கா மகன் கதையின் மீதியைச் சொல்கிறேன். ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தான், இல்லையென்றால் அம்மாவோடு தோட்டத்துக்குப் போனான். அப்புறம் தொழில் பழகுநராக ஒரு ஆலையில் சேர்ந்தான். அப்ரண்டிஸ் என்று சொல்கிறோமே, அதுதான். 1961ஆம் வருஷச் சட்டம் அது. ஓ.என்.ஜி.சி., சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாம் அப்ரண்டிஸ் எடுக்கின்றன. பட்டம், டிப்ளமா, ஐ.டி.ஐ. எல்லாருக்கும் இடம் உண்டு. நாம் பணம் கட்ட வேண்டாம், அவர்கள் உதவித்தொகை தருவார்கள். முடித்தால் அங்கேயே வேலை என்று உறுதி கிடையாது, அதையும் சொல்லிவிடணும். ஆனால் ஒரு வருஷம் ஆலைக்குள் கால் வைத்த அனுபவம் தாளில் வந்துவிடும். அதற்குப் பிறகு அவன் ஷட்டவுன் வேலைக்குப் போனான். சில வருஷத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்தி, கழற்றிச் சுத்தம் பார்த்து மாட்டுவார்கள். அப்போது கான்ட்ராக்டர்களுக்கு ஆள் நிறையத் தேவைப்படும். இரண்டு மூன்று ஷட்டவுன் பார்த்தான், குஜராத்தில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் எடுத்தார்கள். இப்போது பரீட்சைக்குப் பணம் கட்டுவது கம்பெனி. பழைய ஐந்து தாளும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

பெரிய பொதுத்துறை நிறுவனங்களில் நேரடியாக இன்ஜினியராகச் சேர கேட் என்ற பரீட்சை மதிப்பெண்ணைப் பார்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். சில சமயம் அவர்களே தேர்வு நடத்துவார்கள். அந்தந்த வருஷ விளம்பரத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளணும். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் படிக்கிற செலவு அந்த 1,20,000இல் எத்தனையில் ஒரு பங்கு!

வேலை கிடைத்த பின் வாழ்க்கை எப்படி என்றும் பெற்றவர்கள் தெரிந்திருக்கணும். கடல் மேடையிலும் பாலைவனத்திலும் பல இடங்களில் முறை வைத்துத்தான் வேலை. பதினான்கு நாள் உள்ளே, பதினான்கு நாள் வீடு. அல்லது 28 நாள், 28 நாள். உள்ளே இருக்கும்போது தினம் பன்னிரண்டு மணி நேரம். நம்ம கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அந்த மேடை காத்திருக்காது. இதைப் பெண் பார்க்கப் போகிற வீட்டிலும் மறைக்காமல் சொல்லுங்க.

இன்னொன்று, விலை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது ஞாபகம் இருக்கா? இரண்டே வருஷத்தில் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தோட்டக்காரர் ஆள் குறைத்தார், நமக்கு வேலை நாள் குறைந்தது. எண்ணெயும் அதே ஜாதிதான். 2014 நடுவில் ஒரு பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்றது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள், இன்ஜினியர்களும்தான். 2020இல் கொரோனாவில் மறுபடியும். அதனால் பிள்ளை பெரிய சம்பளம் வாங்குகிற வருஷத்தில் மாடி வீடு எழுப்புவதற்கு முன்னால், ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு ஆகிற பணத்தைத் தனியாக வைக்கச் சொல்லுங்க. வாரம் தவறாமல் சந்தா கட்டிப் பழகின உங்களுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

நம்ம மாநிலத்திலேயே வேலை கிடைக்காதா என்று சிலர் கேட்டீங்க. காவிரி டெல்டாவில் நெடுவாசல், கதிராமங்கலம் மக்கள் 2017இல் போராடினது செய்தியில் வந்தது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்ட அந்தச் சட்டம் தடை போட்டது. ஏற்கனவே நடப்பதைத் தொடவில்லை. நிலத்தை நம்பி வாழ்கிற பெண்கள் போராடினதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அங்கே புதுக் கிணறு வேலை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

பொம்பளைப் பிள்ளைகளை மறந்துவிடவில்லை. எண்ணெய்க் கிணறும் சட்டப்படி சுரங்கக் கணக்கில்தான் வருகிறது. சுரங்கத்தில் பெண்கள் இரவு வேலை பார்க்க 1952ஆம் வருஷச் சட்டம் தடை வைத்திருந்தது. 2019இல் மத்திய அரசு அதைத் தளர்த்தி, பெண் எழுதிச் சம்மதித்தால் தரைக்கு மேலே இரவிலும் பார்க்கலாம் என்று அறிவித்தது. இரண்டு மனுவும் மகனுக்குத்தான் வந்திருக்கு. கூடப் படித்த மகளுக்கு ஏன் வரலை என்று கேட்க நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

கடைசியாக ஏஜென்ட். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்கணும். பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், நம்ம கணக்காளர் தங்கச்சி போனிலேயே பார்த்துச் சொல்வாள். விதிப்படி அவர் வாங்கலாம் என்ற உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதோடு. ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்க. டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் அப்படியே. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கே பெயர் பதிந்து வைக்கலாம்.

இரண்டு மனுவையும் நான் நிராகரிக்கவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு அக்காக்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க. அந்த நோட்டீஸையும், இன்ஸ்டிட்யூட் கொடுத்த ரசீது இருந்தால் அதையும் எடுத்து வாங்க. வேலை உறுதி என்றால் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிட்டு வரட்டும். அந்த அக்கா மகனிடமும் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அவனுக்கு லீவு. போனில் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.