பட்ட மரத்தில் ஒரு குடும்பம்



நம் கவிதைகளில் பட்ட மரம் என்றால் தனிமை, கைவிடப்பட்ட வாழ்வு. மரங்கொத்தியைக் கேட்டால் வேறு பொருள் சொல்லும்.

இந்தியாவில் 30க்கும் மேற்பட்ட மரங்கொத்தி இனங்கள் உண்டு. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் போன்ற சமவெளி ஊர்களின் தோப்புகளிலும் தெருவோர மரங்களிலும் வாழப் பழகியது பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவை விடப் பெரியது. முதுகு பொன்மஞ்சள், தொண்டை கறுப்பு, அதில் வெண்கீற்றுகள், வாலுக்கு மேற்புறமும் கறுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இதனை ஒத்த இனங்கள் உண்டு. அவற்றுக்கு வாலின் மேற்புறம் சிவந்திருக்கும். ஆணுக்கு நெற்றி முதல் கொண்டை வரை செம்மை. பெண்ணுக்குக் கொண்டை மட்டுமே சிவப்பு. முன்தலை வெண்புள்ளி தெளித்த கறுப்பு.

கண்ணுக்கு முன்னே காதுக்கு எட்டுவது இதன் குரல். உரக்கத் தொடங்கி இறங்கிவரும் சிரிப்பொலி அது. முன்னிரண்டு பின்னிரண்டு விரல்களால் மரத்தைப் பற்றி, விறைத்த வாலை ஊன்றித் தத்தித் தத்தி மேலேறும். ஆளரவம் கேட்டால் அடிமரத்தைச் சுற்றி மறுபக்கம் மறைந்துகொள்ளும். பறக்கும்போது அலைபோல் எழுந்து தாழும். எறும்பும், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழுவும் இதன் உணவு.

உளுத்த கிளையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பொந்து குடையும். பெரும்பாலும் மூன்று வெண்முட்டைகள். இருபறவைகளும் மாறி மாறி அடைகாக்கும். அவை விட்டுச்சென்ற பொந்தில் மைனா குடியேறும், குண்டுகரிச்சான் குடியேறும், புள்ளி ஆந்தையும் குடியேறும். மரம் குடையும் அலகு இப்பறவைகளுக்கு இல்லை. ஆக, ஒரு மரங்கொத்தியின் உழைப்பில் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

தோப்பு மனையாகும்போது முதலில் வெட்டப்படுவது பட்ட மரம். எவர்க்கும் பயனில்லை என்று அதனைச் சாய்க்கிறோம். பொந்து குடைய இடமின்றேல் மரங்கொத்தி போகும்; அது போனால் அதன்பின் குடிவருவோரும் போவர்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். இயற்கையைக் கூர்ந்து நோக்குவதும் இலக்கியப்பணியே என்பதற்கு அவர் எழுத்தே சான்று.

கவிஞர்களே, பட்ட மரத்தைத் துயரத்தின் குறியாக எழுதுமுன் அதன் உச்சியில் பொந்து உண்டா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மரம் ஆளுக்கும் வீட்டுக்கும் இடரின்றி நிற்குமாயின், வெட்ட வருவோரிடம் அதற்காக ஒரு சொல் சொல்லுங்கள்.